அண்மைப் படங்களுக்கு ஒரு பழைய காமிரா

கல்லூரியில் விலங்கியல் பயிலும் மகளுக்குக் காமிரா வாங்கித் தர எண்ணியுள்ள அன்னை ஒருவர் நமக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். எறும்பு, சிலந்தி, பூவின் மகரந்தத் தாள் ஆகிய சிறு பொருள்களை அண்மையிலிருந்து படமெடுக்க வேண்டும் என்பது மகளின் ஆவல். சீட்டுப் பணம் கைக்கு வந்திருக்கிறது. இனி இரண்டாண்டுகளுக்கு இத்தகைய தொகை அவ்வீட்டில் சேராது. கடைக்காரரோ புதிய காமிரா ஒன்றைக் காட்டி, அதனுடன் வரும் லென்ஸே எல்லாவற்றுக்கும் போதும் என்கிறாராம். பழைய காமிராவும் அதற்கென அமைந்த நல்ல லென்ஸும் வேண்டும் என்கிறாள் மகள். யார் சொல்வது சரி என்பது அன்னையின் கேள்வி.

மகள் சொல்வதே சரி என்பது நமது கருத்து. காரணத்தை ஓர் எறும்பைக் கொண்டே விளக்கலாம். எறும்பின் நீளம் 6 மி.மீ. என்று கொள்வோம். காமிராவினுள் படத்தை ஏற்றுப் பதிக்கும் 'சென்சார்' என்னும் தகடு, எளிய விலைக் காமிராக்களில் ஏறத்தாழ 23 மி.மீ. அகலமுடையது. புதிய காமிராவுடன் சேர்த்து விற்கப்படும் சாதாரண லென்ஸ், எவ்வளவு நெருங்கினாலும், பொருளின் உண்மை அளவில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கையே அத்தகட்டில் விழச் செய்யும். எறும்பு 2 மி.மீ. ஆகிச் சிறு புள்ளி போல் தோன்றும். உண்மையான மாக்ரோ லென்ஸோ பொருளின் அளவையே அப்படியே தகட்டில் விழச் செய்கிறது. இதனை 'ஒன்றுக்கு ஒன்று' என்பர். அப்போது எறும்பு படத்தின் அகலத்தில் கால் பங்கை நிறைத்து நிற்கும். கண்ணும் உணர்கொம்பும் தெளிவாகப் புலப்படும். இந்த வேறுபாட்டை உண்டாக்குவது லென்ஸே. காமிராவின் புதுமை அன்று. 'மாக்ரோ' என்ற சொல் சில சாதாரண ஜூம் லென்ஸ்களின் மேலும் பொறிக்கப்பட்டிருப்பதுண்டு. அவை நான்கில் ஒரு பங்கோடு நின்றுவிடும். ஆதலால் பெயரை விட்டு 1:1 என்ற குறியைத் தேடுதல் நன்று.

காமிரா பழையதாயிருப்பதால் இவ்வேலையில் இழப்பு மிகக் குறைவு. 12 மெகாபிக்சல் படம் ஏ4 தாளளவில் தெளிவாக அச்சிடப் போதுமானது. ஒரு வசதி மட்டும் இருந்தே ஆகவேண்டும். பின்புறத் திரையில் காட்சியை நேராகக் கண்டு, அதைப் பெரிதாக்கிப் பார்த்துக் குவியத்தைத் திருத்தும் 'லைவ் வியூ' என்பதே அது. 2008-ல் வெளிவந்த நிக்கான் டி90, கேனான் 450டி ஆகியவற்றிலேயே இது உண்டு. காமிராவின் விலை ஆண்டுதோறும் சரிகிறது. நல்ல லென்ஸின் விலை மெல்லவே இறங்குகிறது. ஆகவே பணத்தின் பெரும்பகுதியை லென்ஸுக்கு ஒதுக்குவதே வீட்டுக் கணக்குக்கும் ஏற்றது.

எந்த லென்ஸ்? கேனானில் 100 மி.மீ. மாக்ரோ, நிக்கானில் 60 மி.மீ., 105 மி.மீ., இரண்டுக்கும் பொருந்தும் வகையில் தனித்தனியே செய்யப்பட்ட டாம்ரான் 90 மி.மீ. ஆகியவை பழைய சந்தையில் கிடைப்பவை. நிக்கான் நிறுவனம் தன் மாக்ரோ லென்ஸ்களுக்கு 'மைக்ரோ' என்றே பெயரிட்டிருக்கிறது. அது கண்டு குழம்ப வேண்டாம். கேனானின் இஎஃப் லென்ஸ்கள் அந்நிறுவனத்தின் இஓஎஸ் டிஜிட்டல் எஸ்.எல்.ஆர். காமிராக்கள் அனைத்திலும் தாமே குவியும். நிக்கானில் ஒரு சிக்கல் உண்டு. அதன் டி3000, டி5000 வரிசைக் காமிராக்களினுள் குவிய மோட்டார் இல்லை; பழைய ஏஎஃப்-டி லென்ஸை மாட்டினால் கையால்தான் திருப்பவேண்டும். நிக்கானுக்கான பழைய டாம்ரான்களிலும் மோட்டார் இல்லாதவை உண்டு. உண்மையைச் சொன்னால், இவ்வளவு அண்மையில் கையால் குவிப்பதே சிறந்தது. ஆயினும் அதே லென்ஸால் வீட்டாரையும் படமெடுக்க எண்ணுவோர் இதை முன்கூட்டியே அறிந்திருத்தல் வேண்டும்.

பூச்சிகளை எடுப்பவருக்கு 60 மி.மீ. லென்ஸை நாம் பரிந்துரைக்க மாட்டோம். ஒன்றுக்கு ஒன்று அளவில் அதன் முனைக்கும் பூச்சிக்கும் இடையே சுமார் 5 செ.மீ. மட்டுமே எஞ்சும், வெட்டுக்கிளி அதற்குள் தாவிவிடும். 100 மி.மீ. லென்ஸில் சுமார் 15 செ.மீ. கிடைக்கும். விளம்பரத்தில் 31 செ.மீ. என்றிருக்குமே எனலாம். அது பொருளிலிருந்து சென்சார் வரை அளந்த தொலைவு; லென்ஸின் நீளமும் அதில் அடங்கியுள்ளது.

இத்தனை பணமும் இல்லாதவர் மனம் தளர வேண்டுவதில்லை. 50 மி.மீ. சாதாரண லென்ஸுக்கும் காமிராவுக்கும் இடையில் 50 மி.மீ. நீளமுள்ள வெற்றுக் குழாய்களைப் பொருத்தினால் அதுவும் ஒன்றுக்கு ஒன்று ஆகிவிடும். கண்ணாடி இல்லாத குழாயாதலின் விலை குறைவு. மின் இணைப்பு முனைகள் உள்ளனவற்றையே வாங்குக. அவை இல்லாவிடில் கேனானில் ஒளித்துளையைச் சுருக்க இயலாது.

ஒளித்துளையைச் சுருக்காமல் இக்கலையில் ஒன்றும் ஆகாது. ஒன்றுக்கு ஒன்று அளவில் எஃப் 11 என வைத்தாலும், தெளிவாக விழும் ஆழம் சுமார் 1 மி.மீ.தான், எறும்பின் கண் தெளிந்தால் பின்கால் மங்கும். மேலும், அந்த நெருக்கத்தில் சென்சாரை அடையும் ஒளியும் நான்கில் ஒரு பங்காகக் குறைகிறது. எனவே மிஞ்சிய தொகையில் ஒரு பிளாஷ் விளக்கு வாங்கி, அதன்முன் வெள்ளைத் தாளைத் திரையாக ஒட்டிக்கொண்டால் ஒளி மென்மையாகப் பரவும். பிலிம் காலத்துப் பழைய பிளாஷ் வீட்டிலிருந்தால் சோதிக்காமல் மாட்டாதீர்கள். சிலவற்றின் இணைப்பு முனையில் 200 வோல்ட்டுக்கு மேல் மின்னழுத்தம் இருப்பதுண்டு. அது டிஜிட்டல் காமிராவைப் பழுதாக்கிவிடும்.

இனி, வாங்கும் நாளில் செய்யவேண்டியது. கைவிளக்கு ஒன்றும் சொந்த மெமரி கார்டு ஒன்றும் எடுத்துச் செல்க. லென்ஸின் ஒரு புறம் விளக்கைப் பிடித்து மறுபுறம் சாய்வாகப் பார்த்தால் உட்புறம் தெரியும். சில தூசிகள் இருந்தால் கேடில்லை. சிலந்தி நூல் போலக் கிளைத்துப் படர்ந்திருந்தால் அது பூஞ்சணம். கடைகளில் 'ஃபங்கஸ்' என்பார்கள். துடைத்துத் தருகிறேன் என்பார் விற்பவர். துடைத்தாலும் கண்ணாடியின் பூச்சில் அது அரித்த தடம் நிலைத்துவிடக்கூடும். எவ்வளவு மலிவாயினும் அதை விட்டுவிடுவதே நலம். பிறகு எஃப் 16-ல் வைத்து வெண்சுவரைப் படமெடுத்தால் சென்சாரின் அழுக்கு கரும்புள்ளிகளாகத் தெரியும். புள்ளிகள் துடைக்கப் போகும், கீறல் போகாது. எஃப் 11-ல் தொடர்ந்து பத்துப் படம் எடுத்து, எல்லாம் ஒரே வெளிச்சத்தில் வந்தனவா என்று காண்க. இடையிடையே ஒன்றிரண்டு வெளிறினால் ஒளித்துளையின் இதழ்கள் ஒட்டிக்கொள்கின்றன என்று பொருள்.

ஷட்டர் எத்தனை முறை இயங்கியது என்ற எண்ணிக்கையை நிக்கான் காமிராக்கள் படக்கோப்பிலேயே பதித்து வைக்கின்றன. டி7000-ன் ஷட்டர் 1,50,000 முறைக்கும், டி90-ன் ஷட்டர் 1,00,000 முறைக்கும் சோதிக்கப்பட்டவை. ஆதலால் 90,000 முறை இயங்கிய டி90-க்குப் பாதி விலையும் அதிகமே. எடுத்த படங்களை வீட்டுக் கணினியில் பார்த்த பிறகே பணம் தருவேன் என்று சொல்லத் தயங்க வேண்டாம். அதற்கு இசையாத கடையில் வாங்க வேண்டாம். காமிராவின் எண் குறித்த ரசீதும் அவசியம். ரசீது தர மறுப்பவரிடம் இருப்பது பிறர் வீட்டிலிருந்து களவாடப்பட்ட பொருளாகவும் இருக்கலாம்.

வாங்கிய லென்ஸைத் தோலுறையிலோ துணி அலமாரியிலோ வைத்தல் ஆகாது. கடலோர ஊர்களின் மழைக்காலத்தில் பூஞ்சணம் பிடிக்க அதுவே வழி. காற்றுப் புகாத மூடியுள்ள பிளாஸ்டிக் டப்பாவில் சிலிக்கா ஜெல் மணிகளுடன் வைத்திருங்கள். நீல மணிகள் இளஞ்சிவப்பானால் ஈரம் ஏறிவிட்டது என்பது அடையாளம். இளஞ்சூட்டில் உலர்த்தினால் மீண்டும் நீலமாகும். அந்நீலச் சாயத்தில் கோபால்ட் என்னும் நச்சுப் பொருள் கலந்திருப்பதால், சமையலுக்கு எடுக்கும் வாணலியில் மட்டும் அதனை வறுக்க வேண்டாம். அதற்கெனப் பழைய தட்டு ஒன்றை ஒதுக்கிவிடுக.