மாதம் லட்சமாம்!

"கம்ப்யூட்டர் படித்தால் மாதம் லட்சம்!" பென்னாகரத்திலிருந்து அரூர் வரை இந்தப் பேச்சு காதில் விழாத வீடு இல்லை. கல்லூரி முதலாளிகளின் விளம்பரப் பலகைகள் அதையே பறைசாற்றுகின்றன. அதை நம்பிக் கூலிக்காரத் தாய் காதில் கிடப்பதைக் கழற்றி அடகு வைக்கிறாள். தகப்பன் இருக்கிற அரை ஏக்கரை விற்கிறான். நிலமில்லாதவன் பாங்கில் கடன் வாங்குகிறான். மகன் இன்ஜினீயர் ஆகிவிடுகிறான். அப்புறம்?

லட்சம் வாங்குகிறவர்கள் இல்லாமல் இல்லை. பதினைந்து இருபது வருஷம் அனுபவப்பட்டவர்கள் வாங்குகிறார்கள், வாங்கட்டும். உழைத்துச் சம்பாதிப்பவன் மீது நமக்கு எரிச்சல் கிடையாது. புதிதாக வாசலில் நுழையும் பையனுக்கு என்ன தருகிறார்கள் என்பதே கேள்வி.

2011 வாக்கில் பெரிய ஐ.டி. கம்பெனிகள் புது இன்ஜினீயருக்குக் கொடுத்தது வருஷத்துக்குச் சுமார் 3¼ லட்சம். 2024-இல் கொடுத்தது 3½ லட்சத்தை ஒட்டித்தான். இதற்குள் விலைவாசி ஏறத்தாழ இரட்டிப்பாகிவிட்டது. அப்படியானால் சம்பளம் உயர்ந்ததா, பாதியாகத் தேய்ந்ததா? மில் தொழிலாளிக்காவது புள்ளி ஏறினால் பஞ்சப்படி ஏறுகிறது. அது சங்கம் வைத்துப் போராடி வாங்கியது. கண்ணாடி மாளிகையில் அந்தப் பேச்சே இல்லை.

அந்த 3½ லட்சமாவது முழுசாகக் கைக்கு வருகிறதா? அதுவும் இல்லை. 'பேக்கேஜ்' என்று ஒரு மொத்தத் தொகை காட்டுகிறார்கள். நிர்வாகம் தன் பங்காகக் கட்டவேண்டிய பி.எப். பணம் அதற்குள் அடக்கம். ஐந்து வருஷம் வேலை செய்தால் கிடைக்கும் கிராஜுவிட்டியும் அடக்கம். மேலதிகாரி திருப்திப்பட்டால் தரும் தொகையும் அடக்கம்! மில் முதலாளி தன் பி.எப். பங்கையும் உங்கள் கூலியில் சேர்த்துக் காட்டினால், கேட்டிலே நின்று சிரிக்க மாட்டீர்களா?

2023 பிப்ரவரியில் விப்ரோ கம்பெனி, 6½ லட்சம் தருவதாகச் சொல்லிக் காக்க வைத்திருந்த இளைஞர்களிடம், 3½ லட்சத்துக்குச் சம்மதமா என்று கேட்டது. 2024-இல் காக்னிசண்ட், இன்ஜினீயரிங் அல்லாத பட்டதாரிகளுக்கு அறிவித்தது வருஷம் 2 லட்சத்து 52 ஆயிரம். மாதக் கணக்கில் 21,000. நமக்கு அதுவே பெரிசுதானே என்று கூலி வேலைக்குப் போகிறவர் நினைக்கலாம். பாங்குத் தவணையும் பெங்களூர் வாடகையும் போக மிச்சம் என்ன என்று மகனையே கேட்டுப் பாருங்கள்.

மைசூரில் நடந்ததோ இன்னும் கொடுமை. 2022-இல் இன்போசிஸ் வேலைக்குத் தேர்வானவர்கள் இரண்டு வருஷம் காத்திருந்து 2024-இல்தான் உள்ளே போனார்கள். 2025 பிப்ரவரியில், பரிட்சையில் தேறவில்லை என்று சொல்லி, 300-க்கு மேற்பட்டவர்களை வெளியே அனுப்பிவிட்டது நிர்வாகம். 'அப்ரண்டிஸ்' என்று வைத்து வேலை வாங்கி வீட்டுக்கு அனுப்பும் தந்திரம் மில் தொழிலாளிக்குப் புதிதா என்ன?

கம்பெனிகள் நொடித்துப் போய்விட்டனவா? டி.சி.எஸ். 2025 ஏப்ரல் முதல் ஜூன் வரை மூன்றே மாதத்தில் ஈட்டிய நிகர லாபம் 12,760 கோடி ரூபாய். அதற்கு அடுத்த மாதமே சுமார் 12,000 பேரை ஆட்குறைப்பு செய்வதாக அறிவித்தது. தலைக்கு ஒரு கோடிக்கு மேல் லாபத்தைக் கையில் வைத்துக்கொண்டு, போ என்கிறது!

தருமபுரியிலிருந்து ஓசூர் வழியாகக் கலவை சுமக்கப் பெங்களூர் போகிற நம் ஜனங்கள், நகருக்குள் நுழையுமுன் எலெக்ட்ரானிக் சிட்டியைப் பார்த்திருப்பார்கள். இன்போசிஸின் தலைமையகம் அங்கேதான் இருக்கிறது. 2024-25-இல் அதன் தலைமை நிர்வாகிக்குக் கிடைத்தது 80 கோடியே 62 லட்சம் ரூபாய். பெரும்பகுதி பங்குகளாக வந்தது என்கிறார்கள். பங்கென்ன, பணமென்ன! நாளொன்றுக்கு 22 லட்சம். 2025-26-இல் தமிழ்நாட்டில் நூறு நாள் வேலைக்குத் தினக்கூலி 336 ரூபாய். வருஷத்தில் நூறு நாளும் வேலை கிடைத்தாலும், அவருடைய ஒரு நாள் வருமானத்தைச் சேர்க்க நம் தாய்மார்கள் 65 வருஷம் மண் வெட்டவேண்டும்!

ஆகவே வெள்ளைச் சட்டை போட்ட பையனை வேறு ஜாதியாக நினைக்கவேண்டாம். அவனும் அப்படி நினைத்துக்கொள்ள வேண்டாம். ஐ.டி. ஊழியர்கள் சங்கம் அமைக்கலாம், தொழில் தகராறுச் சட்டப்படி நியாயம் கேட்கலாம் என்று தமிழ்நாடு அரசே 2016-இல் தெளிவுபடுத்தியது. டி.சி.எஸ். ஆட்குறைப்பை எதிர்த்து 2025 ஆகஸ்டில் ஐ.டி. ஊழியர் சங்கங்கள் ஆர்ப்பாட்டம் செய்தன. பொங்கலுக்கு ஊர் வரும் மகனிடம் சம்பளம் எவ்வளவு என்று கேட்கிறோம். சங்கத்தில் சேர்ந்தாயா என்றும் கேட்போம்.