தோலை வீணாக்காத மார்க்கம்



நோன்பு திறந்து மஃரிப் தொழுகைக்கு நாம் எழுந்து சென்றபின் பள்ளிவாசல் முற்றத்தில் எஞ்சியிருப்பவை எவை? கஞ்சிக் கிண்ணங்கள், பேரீச்சங்கொட்டைகள், அவற்றினிடையே உறிஞ்சுகுழல் செருகியபடியே கிடக்கும் பழச்சாற்று அட்டைப்பெட்டிகள். அனைத்தையும் ஒரே சாக்கில் திணித்துத் தெருமுனையில் வைத்துவிடுகிறோம்.

அப்பெட்டி வெறும் அட்டையன்று. ஏறத்தாழ முக்கால் பங்கு காகிதம். ஐந்தில் ஒரு பங்கு பாலிஎத்திலீன். மீதி மெல்லிய அலுமினியத் தாள். ஆலையில் நீரிலிட்டுக் கடைந்தால் காகித இழை கூழாகப் பிரிந்து மீண்டும் தாளாகிறது. எஞ்சிய பிளாஸ்டிக்கையும் அலுமினியத்தையும் சூடேற்றி அழுத்திப் பலகைகளும் கூரைத் தகடுகளும் செய்கின்றனர். நம் நாட்டில் பள்ளி மேசைகளும் இவ்வாறு உருவாகியுள்ளன. ஆனால், கஞ்சியில் ஊறிப் பூஞ்சை பிடித்த பெட்டி ஆலைக்குச் செல்வது அரிது. குப்பைமேட்டில் அதன் பிளாஸ்டிக் மக்காது. எரித்தால் புகையாய் நம் பிள்ளைகளின் மூச்சில் கலக்கும்.

அன்னை மைமூனா (ரலி) அவர்களின் பணிப்பெண்ணுக்குத் தர்மமாகக் கிடைத்த ஆடு செத்துக் கிடந்தபோது, அதன் தோலைப் பதனிட்டுப் பயன்படுத்தியிருக்கலாகாதா என நபி (ஸல்) அவர்கள் வினவினார்கள். அது செத்த பிராணி என்று தோழர்கள் கூற, அதை உண்பதே தடுக்கப்பட்டுள்ளது எனத் தெளிவுபடுத்தினார்கள். புகாரியிலும் முஸ்லிமிலும் இச்செய்தி பதிவாகியுள்ளது. ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் தோல் பதனிடுவதையே தொழிலாகக் கொண்ட சமுதாயம் நாம். கழிவென்று ஒதுக்கப்பட்டது பொருளாகும் வித்தை நமக்குப் புதிதன்று.

குப்பை அள்ளுவது நகராட்சியின் வேலைதானே என்பர் சிலர். ஈரக்கழிவையும் உலர்கழிவையும் பிரித்துத் தரும் பொறுப்பைத் திடக்கழிவு மேலாண்மை விதிகள் நம்மீதே சுமத்தியுள்ளன. நாம் பிரிக்காததை வெறுங்கையால் கிளறுபவர் ஒரு தூய்மைப் பணியாளர். நம் இஃப்தாரின் நன்மை அவருக்குத் தொல்லையாய் முடியலாமா?

மறுசுழற்சி உண்டு என்பதற்காக வீண்விரயம் ஆகுமானதாகிவிடாது. கழுவிப் பயன்படுத்தும் குவளையில் நன்னாரி சர்பத் வழங்குவதே முதல் வழி. பெட்டிகள் வந்தேவிட்டால் குழலை நீக்கி, எஞ்சிய சாற்றை வடித்து, தட்டையாக்கி, உலர்ந்த தனிச் சாக்கில் சேர்ப்போம். அவற்றை வாங்குவோர் யாரென ரமலானுக்கு முன்பே ஜமாஅத்தார் விசாரித்து வைக்கட்டும். எல்லாப் பழைய பொருள் கடைகளும் இவற்றை ஏற்பதில்லை.

பாதையிலிருந்து தொல்லை தருவதை அகற்றுவதும் ஈமானின் ஒரு கிளையே. அதற்கான தவ்ஃபீக்கை வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் வழங்குவானாக. ஆமீன்.