சேமித்த சக்திக்கும் ஒரு மார்ச் 31 வேண்டும்

என் பேரன் ஆடும் சீட்டில் ராஜா, ராணி கிடையாது. மந்திரவாதிகளும் பூதங்களும்தான். ‘மேஜிக் த கேதரிங்’ என்று பெயர். ரிச்சர்ட் கார்ஃபீல்ட் என்கிற கணிதக்காரர் உருவாக்கி 1993-ல் வெளிவந்த ஆட்டம். பக்கத்தில் உட்கார்ந்து நானும் கற்றுக்கொண்டேன். அதைப் பற்றி எனக்கொரு அபிப்பிராயம் உண்டு.

பிரெஞ்சுப் பள்ளியில் படித்த நாங்கள் ஆடியது பெலோத். 32 சீட்டு. துருப்பு இன்னதென்று முடிவானதும் 2 புள்ளி ஜாக்கி 20 ஆகிவிடும். மதிப்பே இல்லாத ஒன்பது 14 ஆகிவிடும். பெரிய மாற்றம்தான். ஆனாலும் யாருக்கும் அநியாயம் இல்லை. நால்வருக்கும் ஒரே கட்டிலிருந்துதான் சீட்டு வருகிறது. கடைசிப் பிடிக்கு உரிய 10-ஐயும் சேர்த்து மொத்தம் எப்போதும் 162 புள்ளிதான்.

மேஜிக்கில் அப்படி இல்லை. அவரவர் காசு கொடுத்து வாங்கிய சீட்டுகளிலிருந்து, குறைந்தது 60 கொண்ட சொந்தக் கட்டோடு வந்து உட்காருகிறார்கள். புதிதாக ஒரு விதி வந்தால் அது எல்லாருக்கும் ஒரே மாதிரி பலன் தராது.

இந்த ஆட்டத்தின் மூலதனம் மானா. நிலச் சீட்டுகளிலிருந்து அது கிடைக்கும். முறைக்கு ஒரு நிலம்தான் இறக்கலாம். எடுத்த மானாவை அந்தக் கட்டத்திலேயே செலவழிக்காவிட்டால் வீணாகிவிடும். எங்கள் அலுவலகத்தில் மார்ச் 31-க்குள் செலவாகாத ஒதுக்கீடு லாப்ஸ் ஆகுமே, அதே கதைதான். அதனால் யாரும் அளவுக்கு மீறிக் குவிக்க முடியாது.

2016-ல் நம் இந்தியாவின் சாயலில் ‘கலாதேஷ்’ என்றொரு தொகுப்பு வந்தது. அதில் ‘எனர்ஜி’ என்று புதிய மூலதனம் ஒன்றைச் சேர்த்தார்கள். இது லாப்ஸ் ஆகாது. எத்தனை முறை கடந்தாலும் கணக்கில் அப்படியே நிற்கும். எனர்ஜி கொடுத்த சீட்டை எதிராளி அழித்தாலும் வந்த எனர்ஜி போகாது. அதைப் பறிக்க ஏறக்குறைய வழியே வைக்கவில்லை.

விளைவு என்ன? ‘ஈதர்வொர்க்ஸ் மார்வெல்’ என்ற கருவி 4 மானாவுக்கு இறங்கும். அதோடு 6 எனர்ஜி கொடுத்தால் கட்டின் மேல் 6 சீட்டில் ஒன்றை இலவசமாக ஆடலாம். 13 மானா விலையுள்ள ‘எம்ரகுல்’ என்ற பூதம் நாலாவது முறையிலேயே வந்து நிற்கும்! ஸ்டாண்டர்ட் போட்டிகளில் எம்ரகுலை 2017 ஜனவரியில் தடை செய்தார்கள். அந்தக் கருவியை ஜூனில். அதோடும் தீரவில்லை. 2018 ஜனவரியில், சும்மா இரண்டிரண்டு எனர்ஜி கொடுத்துக்கொண்டிருந்த ‘அட்யூன் வித் ஈதர்’, ‘ரோக் ரிஃபைனர்’ என்ற எளிய சீட்டுகளையும் தடை செய்ய வேண்டி வந்தது.

கடைசித் தடையைத்தான் நான் முக்கியமாகக் கருதுகிறேன். கோளாறு பெரிய சீட்டில் மட்டும் இல்லை. சிறுகச் சிறுகச் சேர்ந்து, யாரும் தொட முடியாமல் நின்ற கணக்கில் இருந்தது.

புதுமை இல்லாவிட்டால் ஆட்டம் சலித்துவிடும் என்பார்கள். ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ‘ஹார்த்ஸ்டோன்’ ஆட்டத்தைப் பாருங்கள். இரண்டாவதாக ஆடுபவருக்கு ஈடாக ஒரு நாணயச் சீட்டு தருகிறார்கள். ஒரு முறைக்கு ஒரு மானா கூடுதல், பயன்படுத்தியதும் போய்விடும். அதுவும் மானாவுக்குமேல் தரும் கூடுதல் மூலதனம்தான், ஆனால் அதற்கு எல்லை உண்டு.

எனவே என் கட்சி இது. புதிய மூலதனம் எதுவானாலும் மூன்றில் ஒன்றாவது இருக்க வேண்டும்: காலக்கெடு, உச்சவரம்பு, அல்லது எதிராளி கைவைக்க ஒரு வழி. மூன்றும் இல்லையென்றால் ஆட்டம் இருவருக்கு நடுவில் நடக்காது. ஒருவர் சேர்ப்பதை மற்றவர் வேடிக்கை பார்ப்பதாகத்தான் முடியும்.

2024-ல் ‘மாடர்ன் ஹொரைசன்ஸ் 3’ தொகுப்பில் எனர்ஜியை மறுபடி கொண்டுவந்தார்கள். அந்த ஆண்டு டிசம்பரிலேயே மாடர்ன் போட்டிகளில் ‘ஆம்ப்ட் ராப்டர்’ என்ற எனர்ஜிச் சீட்டுக்குத் தடை வந்தது.

தடை போடுவது நிறுவனத்துக்கு ஓர் அறிவிப்பு. கைக்காசைச் சேர்த்துச் சேர்த்து அந்தச் சீட்டை வாங்கிய பிள்ளைக்கோ, இனி போட்டிக்கு எடுத்துப்போக முடியாத வெறும் அட்டை. விதியை எழுதும்போதே அந்தப் பிள்ளையை நினைத்துக்கொள்ள வேண்டாமா?