டில்லித் தொழிற்கூடங்களில் பாதுகாப்பு: யார் பொறுப்பு?

தொழிற்சாலைகளில் பாதுகாப்பு ஏற்பாடு எப்படி இருக்க வேண்டும் என்று அறிய வெளிநாட்டு நிபுணர்களைத் தேட வேண்டியதில்லை. சுப்ரீம் கோர்ட்டு 1986 பிப்ரவரியில் டில்லி ஆலை ஒன்றுக்குப் பிறப்பித்த உத்தரவைப் படித்தாலே போதும்.

போபால் விபத்து நடந்து ஓராண்டுதான் கழிந்திருந்தது. 1985 டிசம்பர் 4ந் தேதி மேற்கு டில்லியில், ஜனநெருக்கம் மிகுந்த பகுதியில் இருந்த ஸ்ரீராம் உர ஆலையில் ஓலியம் தொட்டியைத் தாங்கி நின்ற அமைப்பு சரிந்தது. தொட்டி உடைந்து வாயு பரவியது. தீஸ் ஹஸாரி கோர்ட்டு வக்கீல் ஒருவர் உயிரிழந்தார். ஆலையை மூடினால் சுமார் 4,000 தொழிலாளர் வேலையிழப்பார்கள். எனவே பிரதம நீதிபதி பகவதி தலைமையிலான பெஞ்சு, நிபந்தனைகளுடன் குளோரின் பிரிவைத் திறக்க அனுமதித்தது.

அந்த நிபந்தனைகள் கவனத்திற்குரியவை. ஒவ்வொரு பாதுகாப்புச் சாதனத்துக்கும் ஓர் ஆபரேட்டர் நேரடிப் பொறுப்பு. அத்தனைக்கும் சேர்த்துப் பிரிவின் தலைவர் பொறுப்பு. வாரம் ஒருமுறை இன்ஸ்பெக்டர் முன்னறிவிப்பின்றி வருவார். பாதுகாப்பைக் கவனிக்கும் கமிட்டியில் தொழிற்சங்கப் பிரதிநிதிகளுக்கு இடம். வாயு கசிந்து உயிர்ச்சேதம் நேர்ந்தால் நஷ்ட ஈட்டுக்குத் தாமே பொறுப்பு என்று கம்பெனியின் சேர்மனும் மானேஜிங் டைரக்டரும் எழுதித் தர வேண்டும். (கடைசி நிபந்தனை கம்பெனிக்குக் கசந்ததில் வியப்பில்லை.) 1986 டிசம்பர் 20ந் தேதி வந்த தீர்ப்பு, அபாயகரமான தொழில் நடத்துவோருக்கு எந்தச் சாக்குமற்ற முழுப் பொறுப்பு உண்டு என்றது. 1987ல் ஃபாக்டரிச் சட்டமும் திருத்தப்பட்டு, அபாயத் தொழில்களில் பாதுகாப்புக் கமிட்டியும், ஆபத்தை முன்கூட்டி எச்சரிக்கும் உரிமையும் தொழிலாளருக்குக் கிடைத்தன.

ஆனால் அதன் பிறகு டில்லியில் தொழிலாளர்கள் கூட்டமாக மாண்டது எங்கே? பெரிய ஆலைகளில் அல்ல. 2018 ஜனவரியில் பவானாவில் பட்டாசுக் கூடம், 17 பேர். (ஓர் அறைக்கும் மற்றதற்கும் இடைவெளி விட்டு, அறையில் சிலரே இருந்து செய்ய வேண்டிய வேலை அது என்பது சிவகாசிக்காரர்களுக்குத் தெரியும்.) 2019 டிசம்பர் 8ந் தேதி விடியற்காலை அனாஜ் மண்டியில், வேலை செய்த இடத்திலேயே படுத்துறங்கிய பிஹார், உ.பி. இளைஞர்கள் உள்பட 43 பேர். 2022 மே 13ந் தேதி முண்ட்காவில் நாலு மாடிக் கட்டடம், 27 பேர். இங்கெல்லாம் புரியாத ரசாயனம் எதுவும் காரணமல்ல. வெளியேற வழி இல்லை, அவ்வளவே.

சட்டமோ தலைகளை எண்ணுகிறது. மின்சக்தியில் இயங்கும் இடத்தில் 10 பேர் இருந்தால் ஃபாக்டரி என்றது 1948ம் வருடச் சட்டம். 2025 நவம்பர் 21ந் தேதி அமலுக்கு வந்த புதிய தொழிற்பாதுகாப்புக் கோடு அதை 20 ஆக உயர்த்திவிட்டது. பாதுகாப்பு அதிகாரி வேண்டிய ஆலைகளின் வரம்பை 1,000 தொழிலாளரிலிருந்து 500 ஆகக் குறைத்தது நல்லதே. ஆனால் 18 பேர் தைக்கும் மாடியறைக்கு அதனால் என்ன லாபம்?

அங்கே கட்டடம் ஒருவருடையது, வாடகைக்கு எடுத்தவர் வேறு, ஆளைக் கொண்டுவருபவர் இன்னொரு கண்டிராக்டர். விபத்துக்குப் பிறகு தீயணைப்புத் துறை ‘எங்கள் சான்றிதழ் இல்லை’ என்கிறது. மாநகராட்சி ‘எங்கள் லைசென்ஸ் இல்லை’ என்கிறது. ஆனால் மின்சாரம் மட்டும் எப்படியோ வந்திருக்கிறது. ஆகவே மின் இணைப்பு தருமிடத்திலேயே தொடங்கலாம். தொழிலுக்கான இணைப்பு கேட்பவர், இரண்டாவது வழி எது, அதன் பூட்டுச் சாவி யாரிடம் என்று பெயர் குறிப்பிட்டு எழுதித் தரட்டும். ஸ்ரீராம் சேர்மனிடம் கோர்ட்டு கேட்டதைவிட இது பெரிய கையெழுத்தல்ல.