பெல்ட் மாற்றத் தெரியுமா?

கிள்ளானில் மழை விடாத வாரம். எங்கள் வீட்டுத் துணி உலர்த்தும் இயந்திரம் உறுமியது. உள்ளே டிரம் சுற்றவில்லை. பழுதுபார்க்க வந்தவர், "பழசாயிருச்சு, புதுசு வாங்கிடுங்க" என்றார். அம்மா விலை விசாரிக்கத் தொடங்கிவிட்டார்.

நான் டிரம்மைக் கையால் தள்ளிப் பார்த்தேன். தடையே இல்லாமல் சுழன்றது. மோட்டார் ஓடியும் டிரம் நின்றால் முதலில் பார்க்க வேண்டியது பெல்ட்டைத்தான். பிளக்கைக் கழற்றிவிட்டு, மாமாவும் நானும் மேல்மூடியைத் திறந்தோம். பெல்ட் அறுந்து கிடந்தது. கதவோரம் ஒட்டியிருந்த மாடல் எண்ணைக் காட்டிப் புதியது வாங்கினோம். வரிவரியாகப் பள்ளம் உள்ள பக்கம் டிரம்மைத் தொடும்படி சுற்றி, பெல்ட்டை இறுக்கிப் பிடிக்கும் சிறு சக்கரத்தின் வழியாக மோட்டாரில் மாட்ட வேண்டும். அந்தச் சக்கரத்தோடுதான் அரை மணி நேரம் மல்லுக்கட்டினோம்!

மாமா இடைநிலைப் பள்ளியில் 'கெமஹிரான் ஹிடுப்' எனும் வாழ்வியல் திறன் பாடத்தில் பிளக் மாட்டக் கற்றவர். 2017இல் முதலாம் படிவத்திலிருந்து அதன் இடத்துக்கு ஆர்.பி.டி. வந்தது. வடிவமைக்கக் கற்பது நல்லதுதான். ஆனால், எஸ்.பி.எம். இயற்பியலில் விசையைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதும் நமக்குத் தேய்ந்த பெல்ட்டை அடையாளம் தெரியவில்லையே! பழைய இயந்திரம் ஒன்றை ஆசிரியர் முன்னிலையில் கழற்றி மாட்ட, பள்ளிகள் ஒரு பாடவேளையாவது ஒதுக்கட்டும். எங்கள் வீட்டு அறுந்த பெல்ட்டைத் தர நான் தயார்.