எம்-புக்கை ஊர் படிக்கட்டும்!



ஊழலைப் பற்றிப் பேசச் சொன்னால் நம்மில் யாரும் பின்வாங்க மாட்டோம். டீக்கடை, ஹாஸ்டல் மொட்டை மாடி, பஸ்ஸின் கடைசி சீட்டு, எங்கே உட்கார்ந்தாலும் "எல்லாப் பயலும் திருடன்டா" என்று ஒரே வரியில் தீர்ப்பு எழுதிவிட்டு அடுத்த டீ சொல்வோம். ஆனால் எந்த வேலையில், எந்தத் தேதியில், யார் கையெழுத்தில் பணம் போச்சு என்று கேட்டால் வாய் அடைத்துவிடும். எல்லாரையும் சேர்த்துத் திட்டும்போது எவனுக்கும் வலிக்காது. திருடனுக்கு அதுதான் சௌகரியம்.

ஒரு காகிதத்தைக் கேட்டே அரசாங்கத்தைப் பதில் சொல்ல வைத்தவர்கள் நம் நாட்டில் உண்டு. அவர்கள் பெரிய படிப்பு படித்தவர்கள் இல்லை. ராஜஸ்தானில் வறட்சி நிவாரண வேலையில் மண் வெட்டிய கூலிக்காரர்கள். அந்தக் கதையை நம்ம பசங்க தெரிந்துகொள்ள வேண்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

அருணா ராய் சென்னையில் பிறந்தவர். 1968-ல் ஐ.ஏ.எஸ். ஆனவர். சில வருஷத்தில் அந்த வேலையை உதறிவிட்டு கிராமத்துக்குப் போனார். 1987-ல் நிகில் டே, சங்கர் சிங் ஆகியோரோடு தேவ்டுங்ரி என்ற சின்ன ஊரில் குடிசையில் குடியேறினார். 1990 மே தினத்தன்று மஸ்தூர் கிசான் சக்தி சங்கதன் என்ற அமைப்பு பிறந்தது. தொழிலாளர், விவசாயிகள் சேர்ந்த சங்கம்.

பிரச்சினை ரொம்ப சாதாரணமானது. சட்டப்படி கொடுக்க வேண்டிய குறைந்தபட்சக் கூலி கைக்கு வரவில்லை. கேட்டால், "நீ அவ்வளவு வேலை செய்யலை, ரிக்கார்டுல அப்படித்தான் இருக்கு" என்று பதில். "சரி, அந்த ரிக்கார்டைக் காட்டுங்க" என்றால், "அது அரசாங்க ரகசியம்." வெள்ளைக்காரன் 1923-ல் போட்ட ரகசியச் சட்டம், ஒரு கூலிக்காரி தன் சம்பளக் கணக்கைப் பார்க்கவிடாமல் குறுக்கே நின்றது! உரிமை மீறலும் ஊழலும் தனித்தனி விஷயம் என்று நினைக்கிறோமே, அங்கே இரண்டும் ஒரே நோட்டில்தான் இருந்தன. உழைத்தவளின் கூலி குறைந்தது, உழைக்காதவன் பெயரில் பில் ஏறியது.

1994 டிசம்பர் 2-ஆம் தேதி, பாலி மாவட்டம் கோட் கிரானா என்ற ஊரில் முதல் மக்கள் விசாரணை நடந்தது. எப்படியோ கிடைத்த மஸ்டர் ரோலையும் பில்லையும் ஊர் நடுவில் சத்தமாகப் படித்தார்கள். "இன்னார், இத்தனை நாள் வேலை, இவ்வளவு கூலி." கூட்டத்திலிருந்து எழுந்தவர், "நான் அந்த வேலைக்கே போகலியே!" என்றார். பிறகு ஊர் ஊராக நடந்த விசாரணைகளில் செத்துப்போனவர்கள்கூட மஸ்டர் ரோலில் கையெழுத்து போட்டிருந்தது தெரிந்தது. தாளில் கட்டி முடிந்த கட்டடம் தரையில் இல்லை. சில ஊர்களில் பஞ்சாயத்துத் தலைவர்களே எடுத்த பணத்தை ஊருக்கு முன்னால் திருப்பிக் கொடுத்தார்கள். மேடைப் பேச்சால் நடக்காத காரியம் பட்டியலைப் படித்ததும் நடந்தது.

அதிகாரம் சும்மா இருக்குமா? 1995 ஏப்ரலில் ராஜஸ்தான் முதல்வர் சட்டசபையில் ஆவணங்களின் நகல் தரப்படும் என்று வாக்குக் கொடுத்தார். ஒரு வருஷம் ஆகியும் ஒன்றும் வரவில்லை. 1996 ஏப்ரல் 6-ல் பியாவர் நகரில் தர்ணா தொடங்கி 40 நாள் நடந்தது. "எங்கள் பணம், எங்கள் கணக்கு" என்பதுதான் கோஷம். அடுத்த வருஷம் ஜெய்ப்பூரில் 53 நாள். கடைசியில் என்ன சொன்னார்கள் தெரியுமா? ஊராட்சிக் கணக்கை நகல் எடுக்க அனுமதிக்கும் ஆணை ஆறு மாதத்துக்கு முன்பே போட்டாச்சாம்! தகவல் கொடுக்கிற ஆணையையே ரகசியமாக வைத்திருந்த அரசாங்கத்தை என்னவென்று சொல்ல?

அதே 1997-ல் இந்தியாவிலேயே முதலாவதாகத் தகவல் உரிமைச் சட்டம் போட்ட மாநிலம் நம்ம தமிழ்நாடு. பெருமைதான். ஆனால் அதில் கொடுக்க மாட்டோம் என்ற விதிவிலக்குகள் நிறைய. கீழேயிருந்து போராடிக் கேட்ட கூட்டம் இல்லாததால் அது காகிதத்திலேயே தங்கிவிட்டது என்பது என் அபிப்பிராயம். நாடு முழுவதுக்குமான சட்டம் 2005 அக்டோபர் 12-ல் அமலுக்கு வந்தது. 10 ரூபாய் கட்டி விண்ணப்பித்தால் 30 நாளில் பதில் வர வேண்டும். தகுந்த காரணம் இல்லாமல் தாமதித்தால் அதிகாரிக்கு நாளொன்றுக்கு 250 ரூபாய், அதிகபட்சம் 25,000 ரூபாய் அபராதம். நம்ம ஆட்கள் கவனிக்க வேண்டிய இடம் ஒன்று இருக்கிறது. இந்தச் சட்டப்படி ஒரு குடிமகன் நடக்கிற வேலையை நேரில் பார்வையிடலாம், போட்ட பொருளின் சான்றளிக்கப்பட்ட மாதிரியையும் வாங்கலாம். லேபில் நாம் கியூபை உடைத்து ஸ்ட்ரெங்த் பார்க்கிறோமே, அந்தப் படிப்பு ஊருக்குப் பயன்படுகிற இடம் இது!

"மாப்ளே, இதெல்லாம் நமக்கு எதுக்கு? அரியரை முடி, வேலையைத் தேடு" என்று ஒரு நண்பன் சொன்னான். நமக்குத்தான் என்கிறேன் நான். பயிற்சிக்குப் போன ஒரு சைட்டில், பெயர் வேண்டாம், சூப்பர்வைசர் சிரித்துக்கொண்டே சொன்னார்: "எம்-புக்குங்கிறது கதை எழுதுற நோட்டு தம்பி." ராஜஸ்தான் கூலிக்காரர்கள் வருஷக்கணக்கில் தெருவில் உட்கார்ந்து கேட்டது அந்த நோட்டைத்தான். நாளைக்கு அதில் நீளம், அகலம், கனம் எழுதிக் கையெழுத்துப் போடப்போவது யார்? அமைச்சரா? நீயும் நானும்தான். எலெக்ட்ரிக்கல்காரனுக்கு ஸ்டாக் ரிஜிஸ்டர், மெக்கானிக்கல்காரனுக்கு லாக் புக். ஆறு அங்குலக் கனத்தில் நாலு அங்குலம் போட்டுவிட்டு ஆறு என்று எழுதினால், அந்த இரண்டு அங்குலம் ஒருத்தன் வீட்டுக்குப் போகிறது. ரோடு அடுத்த மழையோடு போகிறது.

தனியாக நேர்மையாய் நின்றால் ஆபத்து இல்லையா என்று கேட்பீர்கள். உண்மைதான். சத்யேந்திர துபே என்ற இளம் என்ஜினீயர், தங்க நாற்கரச் சாலை வேலையில் நடந்த முறைகேட்டைப் பற்றி 2002-ல் பிரதமர் அலுவலகத்துக்கு எழுதினார். தன் பெயரை ரகசியமாக வைக்கச் சொல்லியும் கடிதம் பெயரோடு கைமாறியது. 2003 நவம்பர் 27-ல் கயாவில் சுட்டுக் கொல்லப்பட்டார். வழிப்பறி என்றுதான் வழக்கு முடிந்தது. ஆனால் பெயரை வெளியே விட்ட தவறு தவறுதானே? அவர் தனியாக ரகசியமாக எழுதினார். கோட் கிரானாவில் ஊரே கூடி வெளிச்சத்தில் படித்தது. ஆயிரம் பேர் படித்த கணக்குக்காக ஒருவனை மிரட்டி என்ன பிரயோஜனம்? நேர்மையான என்ஜினீயருக்குப் பாதுகாப்பு, கேள்வி கேட்கிற ஊர்தான்.

கிடைத்த உரிமை அப்படியே நிற்கும் என்றும் நம்ப வேண்டாம். 2019 திருத்தத்தில் தகவல் ஆணையர்களின் பதவிக்காலத்தையும் சம்பளத்தையும் நிர்ணயிக்கும் அதிகாரம் மத்திய அரசின் கைக்குப் போனது. 2023-ல் வந்த தரவுப் பாதுகாப்புச் சட்டம், தனிநபர் விவரம் என்று சொல்லித் தகவலை மறுக்கும் வாசலை அகலமாக்கியது. தனிமனிதனின் அந்தரங்கம் காக்கப்பட வேண்டியதுதான். ஆனால் மஸ்டர் ரோலில் பெயரை மறைத்துவிட்டால் செத்தவன் கையெழுத்தை எப்படிக் கண்டுபிடிப்பது?

ஆகவே தோழர்களே, இரண்டு காரியம் செய்வோம். நம் ஊர் கிராம சபைக்குப் போய், நடந்த ஒரே ஒரு வேலையின் எஸ்டிமேட்டையும் அளவையும் கேட்போம். பெரியவர்களுக்கு அதைப் படித்து விளக்க அங்கே நம்மைவிடத் தகுதியானவன் வேறு யார்? இன்னொன்று, வேலைக்குப் போன பிறகு நாம் எழுதும் ஒவ்வொரு அளவையும், நாளைக்கு ஊர் மந்தையில் நம் அம்மா காதில் விழும்படி யாரோ படிப்பார்கள் என்று நினைத்து எழுதுவோம்.

கணக்கு கேட்பது குடிமகனின் வேலை. காட்டும்படியான கணக்கை எழுதுவது நம்ம வேலை!