அந்தப் பெயரில் யாருமில்லை

“தங்கச்சி, நேத்து அம்மாவுக்கு எழுபது வயசு. பாட்டு கேட்டு மெயில் போட்டேன், அந்த முகவரியில யாருமில்லன்னு திரும்பி வந்துடுச்சு. வேலைய விட்டுட்டீங்களா?” நேரலையில் ஒரு நேயர் அக்கா கேட்டதும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

நான் எங்கும் போகவில்லை. அலுவலகத்தில் பாதிப் பேரின் மெயில் பெட்டியைப் புதிய சர்வருக்கு மாற்றியிருந்தார்கள். நான் பழைய சர்வரில். ஆனால் எல்லாருக்கும் டொமைன் ஒன்றுதான். மெயிலுக்கு வழிகாட்டும் எம்எக்ஸ் பதிவு டொமைனைத்தான் பார்க்கும், ஆளைப் பார்க்காது. அதனால் எல்லா மெயிலும் புதிய சர்வருக்கே போனது. அது தன் பட்டியலில் என்னைத் தேடியது, காணவில்லை. ‘550’ என்று திருப்பிவிட்டது.

ஐடி தம்பி செய்த திருத்தம் சின்னதுதான்: “உன் பட்டியலில் இல்லாதவரின் மெயிலைப் பழைய சர்வரிடம் கொடு.” ‘இல்லை’ என்று முடிவாகச் சொல்லும் உரிமை பழையதற்கு மட்டும். இரண்டுமே அடுத்ததைக் கைகாட்டினால் மெயில் நடுவிலேயே சுற்றிக்கொண்டிருக்கும்.

அம்மாவுக்குப் பாட்டு ஒலித்தது, ஒரு நாள் தாமதமாக.

உங்கள் அலுவலகத்திலும் சர்வர் மாற்றுகிறார்களா? இன்னும் மாறாத ஒருவருக்கு வெளியிலிருந்து ஒரு மெயில் அனுப்பிப் பாருங்கள். யாருடைய அம்மாவோ காத்திருக்கலாம்.